திருக்கழுக்குன்றத்துக் கழுகுகள் ஏன் வருவதில்லை?

#1 வேதகிரி_73

1982-ல் எனக்கு ஒன்பது வயது. அப்பா திருக்கழுக்குன்றம் மலைக்கு அழைத்துப் போனார். படியேறும்போது கால் வலிக்கிறது என்று அழுததும், "மேலே போனால் கழுகு பார்க்கலாம்" என்று அவர் சமாதானம் சொன்னதும் இன்னும் நினைவிருக்கிறது. உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் பண்டாரம் ஒருவர் பாறையில் போய் உட்கார்ந்தார். கையில் சர்க்கரைப் பொங்கல். கூட்டம் மூச்சுவிடாமல் வானத்தைப் பார்த்தது. எங்கிருந்தோ இரண்டு வெள்ளைப் பறவைகள் வந்து இறங்கின. மஞ்சள் முகம். கோழி மாதிரி தத்தித் தத்தி நடந்து வந்து அவர் கையருகிலேயே சாப்பிட்டுவிட்டுப் போயின. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

போன மாதம் என் மகளை அழைத்துப் போனேன். பாறை இருக்கிறது, கழுகு இல்லை. கீழே பூக்கடைக்காரரைக் கேட்டால், "அது வர்றதை நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு சார், கலி முத்திப்போச்சு" என்றார். மகள் திரும்பி வரும்போது, "செத்துப்போச்சாப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இங்கே யாருக்காவது தெரியுமா?

#2 அக்கரை_ஆறுமுகம்

பூக்கடைக்காரர் சொன்னதுதான் பதில். அடுத்த இழைக்குப் போகலாம்.

#3 கரிச்சான்

வேதகிரி சார், நீங்கள் பார்த்தது மஞ்சள்முகப் பாறு, பிணந்தின்னிக் கழுகு என்கிறோமே அந்த இனம். இந்தியாவில் உள்ள பாறு வகைகளில் சின்னது இதுதான். காசியில் குளித்து, இங்கே உண்டு, இராமேசுவரத்தில் வழிபடும் இரண்டு முனிவர்கள் என்று தலபுராணம் சொல்லும். எனக்கு அதில் குறுக்கிட எதுவுமில்லை. பறவைக்காரனாகச் சொல்வதானால், இந்த இனம் ஜோடியாக ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். ஒன்று போனால் இன்னொன்று வந்து சேரும். அதனால் தலைமுறை தலைமுறையாக "அதே இரண்டு" என்று தோன்றியதில் வியப்பில்லை. 1998 வாக்கில் வரவு நின்றது என்பார்கள்.

அந்த மஞ்சள் முகத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மிச்சத்தை இரவு எழுதுகிறேன். அந்த நிறம் அதன் உடம்பில் தானாக ஊறுவதில்லை. சாணத்திலிருந்து வருகிறது. மாடு மேய்ந்த பச்சையில் இருக்கும் மஞ்சள் நிறமி சாணத்தில் தங்கிவிடுகிறது. பாறு அந்தச் சாணத்தைத் தின்று நிறமியை முகத்தில் ஏற்றிக்கொள்கிறது. சாணத்தில் வேறு சத்து பெரிதாக ஒன்றுமில்லை. முகம் எடுப்பாக இருக்கவேண்டும் என்பதற்காகவே தின்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்பெயினில் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தார்கள்.

#4 அக்கரை_ஆறுமுகம்

சாணி தின்றால்தான் அழகா! சரி, நேராகவே கேட்கிறேன். புலி அழிகிறது, மயில் அழிகிறது என்றால் வருத்தப்படலாம். பிணம் தின்னும் கழுகு இல்லாமல் போனால் யாருக்கு என்ன நட்டம்? எங்கேயாவது சொத்துத் தகராறு என்றதும் வந்து நிற்கும் சொந்தக்காரனைப் பார்த்து "கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி" என்றுதானே சொல்கிறோம்?

#5 சொல்லாய்வு

முதலில் பெயரைச் சரிசெய்வோம். கழுகு வேறு, பாறு வேறு. கழுகு உயிரோடு இருப்பதைப் பிடித்துக் கொன்று தின்னும், காலில் பிடிக்கும் வலு உண்டு. பாறு செத்ததைத்தான் தின்னும், அதன் கால் நடக்கத்தான் லாயக்கு, தூக்கிக்கொண்டு பறக்க முடியாது. நம் முன்னோருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது. புறப்பாடல்களில் போர்க்களத்துக்கும் சுடுகாட்டுக்கும் வருவது பாறு, எருவை. பின்னால் வந்த நாம்தான் எல்லாவற்றையும் கழுகு என்று ஒரே சாக்கில் கட்டி, அது போதாதென்று "பிணந்தின்னி" என்ற அடைமொழியையும் ஒட்டினோம். பறவை ஆர்வலர்கள் இப்போது பாறு என்ற சொல்லை மீட்டெடுத்திருக்கிறார்கள். நல்ல காரியம்.

#6 கரிச்சான்

ஆறுமுகம் அண்ணா, அந்தப் பழமொழியிலேயே ஒரு தப்பு இருக்கிறது. நம் ஊர்ப் பாறுகளுக்கு மூக்கு அவ்வளவாக வேலை செய்யாது. எல்லாம் கண்தான். உயரத்தில் வட்டமிடும் ஒவ்வொன்றும் தரையைப் பார்ப்பதோடு பக்கத்தில் வட்டமிடுபவனையும் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒருவன் சட்டென்று இறங்கினால் அடுத்தவன் அந்தப் பக்கம் திரும்புவான். அவனைப் பார்த்து அதற்கடுத்தவன். இப்படியே மைல் கணக்கில் செய்தி பரவும். காலையில் ஒரு பறவைகூட இல்லாத வானத்திலிருந்து மதியத்துக்குள் ஐம்பது அறுபது வந்து இறங்குவது இதனால்தான். மூக்கில் வேர்க்கவில்லை, பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சொத்துத் தகராறு சொந்தக்காரருக்கும் இதுதான் பொருத்தம்.

இப்போது வேதகிரி சார் கேள்வி. அந்த இரண்டை மட்டும் தனியாக எடுத்துப் பேசினால் புரியாது, நாடு முழுக்க நடந்ததைப் பார்க்கவேண்டும். 1980-களில் இந்தியாவில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன. சுமார் 4 கோடி என்று ஒரு மதிப்பீடு. எண்ணிப் பார்க்கவே யாருக்கும் தோன்றாத அளவுக்கு, காக்கை மாதிரி. ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் மட்டும் கூடுகளை எண்ணி வைத்திருந்தார். 1987-88-ல் வெண்முதுகுப் பாறின் கூடு 353. பத்து ஆண்டு கழித்து மறுபடி போனபோது அதில் பாதிகூட இல்லை. மரத்தில் உட்கார்ந்தபடியே கழுத்து தொங்கித் தொங்கி, பிறகு கீழே விழுந்து செத்தன. வைரஸ் என்றார்கள், பூச்சிமருந்து என்றார்கள். 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்துவிட்டது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. உலகத்தில் வேறெந்தப் பறவையும் அவ்வளவு வேகமாகக் குறைந்ததாக நான் படித்ததில்லை.

காரணம் பாகிஸ்தானில் கிடைத்தது. லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை நோயியல் அறிஞரும் அவர் குழுவும் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தார்கள். ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெள்ளைப் படலம், யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்திருந்தது. தேடிக்கொண்டே போனால் டைக்ளோஃபெனாக். நமக்கு மூட்டுவலிக்குக் கொடுக்கும் அதே மருந்து. மாட்டுக்கு ஊசியாகப் போட்டு, அந்த மாடு ஒன்றிரண்டு நாளில் செத்து, அதைப் பாறு தின்றால் சில நாளில் முடிந்தது. 2004-ல் இந்த ஆய்வு வெளியானது. மஞ்சள்முகப் பாறும் அதே காலகட்டத்தில்தான் சரிந்தது.

#7 மாட்டு_டாக்டர்

நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த ஊசி வந்தபோது நாங்கள் கொண்டாடினோம் என்றுதான் சொல்லவேண்டும். அதற்கு முன் கிழட்டு மாடு படுத்துவிட்டால் எழுப்புவது லேசு இல்லை. இதைப் போட்டால் காய்ச்சல் இறங்கும், வீக்கம் வற்றும், மறுநாள் காலை மாடு எழுந்து வைக்கோல் தின்னும். விலையும் மலிவு. வீட்டுக்காரம்மா கையெடுத்துக் கும்பிடுவார். ஏர் பூட்டிப் பூட்டித் தேய்ந்த மாடு, அடிமாட்டுக்கு விற்க மனசு வராத மாடு, இப்படிப்பட்டவற்றுக்குத்தான் அதிகம் போட்டேன். வலியில்லாமல் சாகட்டும் என்றே போட்டதும் உண்டு. அவைதான் செத்ததும் ஊருக்கு வெளியே போடப்பட்டவை. அவற்றைத்தான் பாறு தின்றிருக்கும்.

நான் எத்தனை ஊசி போட்டேன் என்று கணக்கு வைத்ததில்லை. பிறகு ஓர் ஆய்வில் படித்தேன். செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இந்த மருந்தோடு இருக்கவேண்டியதில்லை, அதற்கும் கீழே இருந்தாலே இவ்வளவு அழிவும் நடக்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஒரு சடலத்தில் ஐம்பது பாறு உட்காரும்போது வேறென்ன ஆகும்?

#8 அக்கரை_ஆறுமுகம்

டாக்டர் ஐயா, கேலி பேசியதற்கு மன்னிக்கவும். ஆனால் ஒரு சந்தேகம். அந்த மருந்தைத் தடை செய்தாயிற்று அல்லவா? அப்படியானால் ஏன் திரும்பி வரவில்லை?

#9 மாட்டு_டாக்டர்

2006-ல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தார்கள். மாட்டுக்கானது நின்றது, மனிதருக்கானது நிற்கவில்லை. 30 மில்லி குப்பியில் மனிதருக்கென்று விற்றார்கள். மனிதனுக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி யாருக்கு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 2015-ல் 3 மில்லிக்கு மேல் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2017-ல் நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றது.

அதற்குள் அதே குடும்பத்து வேறு மருந்துகள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். பெயர்தான் வேறு. அதையும் கீட்டோபுரோஃபனையும் 2023-ல்தான் தடை செய்தார்கள், நிமிசுலைடை 2024 கடைசியில். ஒவ்வொன்றுக்கும் இத்தனை ஆண்டு. பாறுக்குத் தீங்கில்லாதது மெலாக்சிகாம். அது 2006-லேயே நிரூபணமாகிவிட்டது.

#10 கரிச்சான்

டாக்டர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து கூடு கட்டும் வயசுக்கு வர ஐந்தாறு ஆண்டு. ஈசலா, ஒரே மழையில் கிளம்பிவர?

#11 சிறுத்தைப்பிரியன்

நம் நாட்டில் அழிந்ததென்றால் சிவிங்கிப்புலிதான், அதாவது சீட்டா. 1947-ல் சுட்டார்கள், 1952-ல் அற்றுவிட்டது என்று அறிவித்தார்கள், 2022-ல் நமீபியாவிலிருந்து எட்டைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டில் விட்டார்கள். அதே மாதிரி பாறுவையும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டுவிட்டால் என்ன?

#12 நெறியாளர்

சிவிங்கிப்புலிக்குத் தனி இழை இருக்கிறது, சண்டையை அங்கே வைத்துக்கொள்ளவும்.

#13 கரிச்சான்

ஒரே வரியில் பதில்: விஷம் அப்படியே இருக்கும்போது எங்கிருந்து கொண்டுவந்து விட்டாலும் சாகும். வெளியிலிருந்து கொண்டுவரத் தேவையும் இல்லை. அரியானாவில் பிஞ்சோர் என்ற இடத்தில் நம் பாறுகளையே கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்கிறார்கள். அதைவிட நல்ல செய்தி, நம் பக்கத்திலேயே கூண்டு இல்லாமல் ஒரு கூட்டம் தப்பியிருக்கிறது. மாயாற்றுக்கரைக்காரர் இதைப் பார்த்தால் அவரே எழுதட்டும்.

#14 மாயாற்றுக்கரை

வந்துவிட்டேன். மசினகுடிப் பக்கம்தான் வீடு.

முதுமலைக்குக் கீழே சீகூர் மேட்டுநிலத்தை ஒட்டி மாயாறு ஓடுகிறது. ஒரு பக்கம் நீலகிரிச் சரிவு, இன்னொரு பக்கம் சத்தியமங்கலம் காடு. ஆற்றங்கரை முழுக்க நீர்மருது. பட்டை வெளுத்து, உரித்த மாதிரி இருக்கும், நல்ல உயரம். அந்த உச்சியில்தான் வெண்முதுகுப் பாறு கூடு கட்டும். மழை ஓய்ந்த பிறகு குச்சி பொறுக்க ஆரம்பிக்கும். கருங்கழுத்துப் பாறுக்கு மரம் பிடிக்காது, மலைப்பாறையின் விளிம்பில்தான் கூடு. செந்தலைப் பாறு இவர்களோடு சேராது. ஜோடியாகத் தனியே இருக்கும், மாப்பிள்ளை வீட்டார் மாதிரி கொஞ்சம் ஒதுங்கித்தான் உட்காரும்.

2023 டிசம்பர் கடைசியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒரே நேரத்தில் கணக்கெடுத்தன. மொத்தம் 320. அதில் வெண்முதுகு 217, செந்தலை 50, கருங்கழுத்து 47. வேதகிரி சாருடைய மஞ்சள்முகம் நான்கே நான்கு.

இங்கே தப்பியதற்குக் காரணம் என்ன என்று கேட்பார்கள். காட்டுக்குள் செத்துக் கிடப்பது மான், காட்டெருமை, யானை. அவற்றுக்கு யாரும் ஊசி போடுவதில்லை. புலி அடித்துவிட்டுப் போன மிச்சம் கிடைக்கும். அவ்வளவுதான் சூட்சுமம்.

அழகு பற்றி ஆறுமுகம் அண்ணன் கேட்டிருந்தார். காலை எட்டு மணிக்கு இவற்றைப் பார்த்தால் நீங்கள் சொன்னதுதான் சரி என்று தோன்றும். பட்ட கிளையில் மழைக்கு நனைந்த போர்வையைத் தொங்கப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும். சில றெக்கையை விரித்து வெயில் காயும். ஒன்றும் அசையாது. ஒன்பதரை, பத்துக்குப் பாறை சூடாகும். அப்போது ஒன்று கிளையிலிருந்து விழுவது போலக் கிளம்பும். இரண்டு மூன்று தரம்தான் றெக்கையை அடிக்கும், அதற்குப் பிறகு அடிக்கவே அடிக்காது. சூட்டுக் காற்று தூக்கிக்கொண்டு போகும். ஏழடி அகலத்துக்கு விரிந்த றெக்கை. நுனிச் சிறகு மட்டும் விரல் மாதிரி பிரிந்து வளைந்திருக்கும். திரும்பும்போது முதுகில் ஒரு வெள்ளைத் துணி பளிச்சென்று தெரியும், அடுத்த வளைவில் மறையும். பின்னாலேயே இன்னொன்று, அதற்குப் பின்னால் நான்கு. பள்ளத்தாக்கு முழுக்கச் சத்தமே இருக்காது. ரொம்பக் கிட்டே போனால் காற்று கிழியும் ஓசை மட்டும் கேட்கும்.

#15 மல்லிகாம்மா

எனக்கு எழுபது வயது நடக்கிறது. பேத்திதான் தட்டச்சு செய்கிறாள். திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் ஊரில் மாடு செத்தால் ஏரிக்கு அந்தப் பக்கம் மேட்டில் போடுவார்கள். தோலை உரித்துக்கொண்டு ஆட்கள் நகர்ந்த உடனே கழுகு இறங்கும். நாங்கள் பிள்ளைகள் ஏரிக்கரையில் உட்கார்ந்து பார்ப்போம். ஒன்றை ஒன்று தள்ளி, மேலே ஏறி, சீறி, கல்யாணப் பந்தியில் இலைக்கு அடித்துக்கொள்வது மாதிரி இருக்கும். அரைமணிக்குள் எலும்புதான் மிச்சம். நாற்றமே வராது. அம்மா, "அதுங்க வரலேன்னா ஊரே நாறிப்போகும்" என்று சொல்வார். என் தம்பி கல்லெடுத்து எறிந்ததற்கு அவர் கையாலேயே அடி வாங்கினான். எப்போது வருவது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை கண்ணு. இல்லாமல் போனதையே நான் கவனிக்கவில்லை. இதைப் படித்துக் காட்டியபோதுதான் உறைத்தது.

#16 தெருநாய்_தெய்வராசு

அம்மா சொன்ன மேட்டில் இப்போது யார் சாப்பிடுகிறார்கள் என்றால், நாய். பாறின் வயிற்று அமிலம் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கிருமியையே கரைத்துவிடும் என்கிறார்கள், நாய்க்கு அந்த வலு கிடையாது. 2024-ல் அனந்த் சுதர்சன், இயல் ஃபிராங்க் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முன்பு பாறு அதிகமாக இருந்த மாவட்டங்களையும் எப்போதும் அதிகம் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். பாறு போன பிறகு, 2000-லிருந்து 2005 வரை மட்டும் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாகச் செத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. நாய்க்கடி, கெட்ட தண்ணீர், அழுகிய சடலம், எல்லாம் சேர்ந்து. "யாருக்கு என்ன நட்டம்" என்று நான்காம் பதிவில் கேட்டிருந்தார்கள்.

#17 அக்கரை_ஆறுமுகம்

கேட்டவன் நான்தான். பதில் கிடைத்தது. போதும்.

#18 யாழ்_பெடியன்

இலங்கையில பாறு இனம் எதுவும் குடியிருப்பு இல்லை. எப்பவாவது ஒன்று வழிதவறி வந்தால் பறவை பாக்கிற ஆக்கள் ஓடிப்போய்ப் படமெடுப்பினம். இவைக்குத் தரைச் சூட்டுக் காற்று வேணும், கடலுக்கு மேல அது கிடையாது, அதால இந்த நீரிணை சின்னது எண்டாலும் தாண்ட விரும்பாதுகள் எண்டு சொல்லுவினம். இராமாயணத்தில சடாயுவின்ர அண்ணன் சம்பாதி எண்ட கழுகு இந்தியக் கரையில இருந்தே சீதை இருக்கிற இடத்தைப் பாத்துச் சொன்னதா வரும். தாண்டிப் போகேல்லை, கண்ணாலதான் பாத்தது. கரிச்சான் அண்ணை சொன்ன கண் விசயத்தை வாசிக்கேக்க அதுதான் ஞாபகம் வந்தது.

#19 சொல்லாய்வு

யாழ் தம்பி, இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பதிவு உங்களுடையது. செந்தலைப் பாறைப் பார்த்துவிட்டுத்தான் சம்பாதிக்கு றெக்கை கருகிய கதையைக் கட்டியிருப்பார்களோ என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. தலையிலும் கழுத்திலும் மயிரே இல்லாமல், வெந்த சிவப்பில் இருக்கும். நிரூபிக்க முடியாது, விட்டுவிடுகிறேன்.

#20 வேலிக்கு_வெளியே

மாயாற்றுக்கரை அண்ணா, ஒரு மாறுபட்ட கருத்து. காடு காப்பாற்றும் என்று நீங்கள் சொல்வதை நான் முழுதாக ஏற்கமாட்டேன். காட்டில் யானையோ காட்டெருமையோ செத்தால் உடற்கூறு பார்த்துவிட்டு எரிப்பதும் புதைப்பதும் உண்டு. அதற்கும் காரணம் இருக்கிறது, நோய் பரவும், தந்தம் திருடு போகும். ஆனால் பாறுக்குச் சாப்பாடு? இன்னொன்று, ஆட்டை அடித்த சிறுத்தைக்கோ ஊர் நாய்க்கோ ஆத்திரத்தில் சடலத்தில் விஷம் வைக்கிறார்கள். சிறுத்தை வருவதற்குள் பாறு வந்துவிடும். மருந்துக்கடையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் இந்த இரண்டும் கவனிப்பில்லாமல் போகும்.

#21 மாயாற்றுக்கரை

மறுக்கவில்லை. விஷம் வைப்பதுதான் எங்களுக்கும் பயம். ஒரே சடலத்தில் ஒரு பருவத்துக் குஞ்சுகளின் தாய் தகப்பன் மொத்தமும் போய்விடும். ஆட்டுக்கு இழப்பீடு சீக்கிரம் கிடைத்தால் ஆத்திரம் அடங்கும், இழுத்தடித்தால் பூச்சிமருந்து பாட்டில் வெளியே வரும். சடலத்தைப் பொறுத்தவரை, நோயில்லை என்று தெரிந்தால் அப்படியே விட்டுவிடவேண்டும் என்றுதான் நாங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் ரோட்டோரம் கிடப்பதை உள்ளே இழுத்துப் போடவேண்டும். பாறு தின்றுவிட்டுக் கனத்துப்போனால் சட்டென்று எழும்பாது, வண்டியில் அடிபடும்.

#22 மாட்டு_டாக்டர்

இங்கே மாடு வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் ஒன்றே ஒன்று: வலிக்கு ஊசி எழுதினால் மெலாக்சிகாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். போன வாரம் சோதனைக்காக ஒரு கடையில் "மாட்டுக்கு, படுத்துக்கிடக்கு" என்று மட்டும் சொன்னேன். கடைக்காரப் பையன் எதுவும் கேட்காமல் மனிதருக்கான சின்னக் குப்பி பத்தை எடுத்து வைத்தான். பத்தும் டைக்ளோஃபெனாக். "எப்படிப்பா இது" என்றால், "இதுதான் சார் சீக்கிரம் கேக்கும்" என்றான். முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வார்த்தை. அவனிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தேன்.

#23 வேதகிரி_73

எல்லோருக்கும் நன்றி. மகளுக்கு மூன்றாம் பதிவையும் பதினான்காம் பதிவையும் படித்துக் காட்டினேன். சாணி விஷயத்தை வகுப்பில் போய்ச் சொல்லிவிட்டாள், டீச்சர் நம்பவில்லையாம்.

மாயாற்றுக்கரை அண்ணா, மே விடுமுறையில் அழைத்து வந்தால் பார்க்க முடியுமா? கூடு பக்கம் போகவேண்டும் என்று ஆசையில்லை, பறப்பதைப் பார்த்தால் போதும்.

#24 மாயாற்றுக்கரை

கூடு இருக்கும் பகுதிக்கு எப்படியும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. அரசு பேருந்து போகும் சாலையிலிருந்தே பார்க்கலாம். மே மாதம் வேண்டாம், வெயில் கொளுத்தும், ஜனவரியில் வாருங்கள். விடியற்காலையில் எழுப்பிப் பாப்பாவைப் பாடுபடுத்த வேண்டாம். பத்து மணிக்கு மேல்தான் கிளம்பும். பைனாகுலர் என்னிடம் ஒன்று இருக்கிறது, தொப்பி மட்டும் கொண்டுவாருங்கள். மஞ்சள்முகம் கிடைக்கும் என்று வாக்குத் தரமாட்டேன்.